பெரிய திட்டம் ஊருக்குள் வரும்போது: வெள்ளானூர் முதல் எழும்பூர் வரை

கீழே கடைகள், மேலே நூற்றுக்கணக்கில் வீடுகள் என்று ஒரு பெரிய திட்டம் வரப்போவதாகக் கேள்விப்பட்டதும் நாம் முதலில் போய் நிற்பது பஞ்சாயத்து ஆபீசில். போவதில் தப்பில்லை. ஆனால் கோப்பு அங்கே இருக்காது. ஆவடிக்குப் பக்கத்து வெள்ளானூரில் பத்து மாடி எழும்பலாமா கூடாதா என்பதை முடிவு செய்கிற இடம் எழும்பூர் காந்தி இர்வின் சாலையில், தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கிறது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் என்பது அதன் முழுப்பெயர். ஊரில் எல்லோருக்கும் அது சி.எம்.டி.ஏ.தான்.

அமெரிக்காவின் பல ஊர்களில் இப்படி ஒரு திட்டம் வந்தால் நகர்மன்றமே விசாரணை நடத்துகிறது. குடியிருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஓரிரு நிமிடம் பேசுவார்கள். பிறகு உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். நம்மிடம் அந்த முறை கிடையாது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி பெரிய கட்டடங்களுக்கான திட்ட அனுமதி, அதாவது ஜனங்கள் 'பிளானிங் பெர்மிஷன்' என்று சொல்வது, சி.எம்.டி.ஏ. கையில் இருக்கிறது. அதன் பிறகு உள்ளாட்சி அமைப்பு கொடுப்பது கட்டட அனுமதி. முதல் காகிதம் வந்துவிட்டால் இரண்டாவதைத் தடுத்து நிறுத்துவது அபூர்வம். வாசலில் ஜே.சி.பி. நிற்கும்போது மறியல் செய்கிறவர்கள் தோற்பதற்குக் காரணம் ஆள்பலக் குறைவல்ல. அவர்கள் வருவதற்கு வெகு முன்பே கோப்பு முடிந்திருக்கிறது.

உள்ளாட்சியிலும் இப்போது யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. வெள்ளானூர் வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர். திருவள்ளூர் மாவட்டத்தில் 2019 டிசம்பர் தேர்தலில் வந்த ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. பக்கத்திலேயே 2019-இல் மாநகராட்சியான ஆவடி; சுற்றுவட்டார ஊர்களை அதோடு சேர்க்கும் முயற்சி வேறு. ஆகவே 'தலைவர் அவர்களுக்கு' என்று மனு எழுதுவதற்கு முன், அந்த நாளில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். தவறான பெயருக்குப் போன மனு மேசை மேசையாகச் சுற்றியே காலம் கழிக்கும்.

சர்வே எண் இல்லாமல் ஓரடி நகராதீர்கள்

விளம்பரத்தில் 'ஆவடிக்கு மிக அருகில்', 'வெளிவட்டச் சாலையிலிருந்து ஐந்தே நிமிடம்' என்றுதான் இருக்கும். அரசுக் கோப்பில் ஊர்ப்பெயர், சர்வே எண், உட்பிரிவு. இந்த மூன்றும் கையில் இல்லாவிட்டால் எந்த அலுவலகமும் உங்களோடு பேசாது. வி.ஏ.ஓ.விடம் கேட்கலாம். பக்கத்து நிலத்துக்காரரின் பட்டாவைப் பார்த்தால் எண் எந்த வரிசையில் ஓடுகிறது என்று பிடிபடும்.

எண் கிடைத்ததும் அரசின் இ-சேவை தளத்தில் பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் மூன்றையும் எடுத்துவிடுங்கள். எஃப்.எம்.பி. என்கிற அந்தப் புலப்படத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நடுவில் இரட்டைக் கோடாக ஒன்று ஓடுகிறதா? அது ஓடையாகவோ வரத்துக் கால்வாயாகவோ வண்டிப்பாதையாகவோ இருக்கலாம். 'அ' பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே 'ஓடை', 'ஏரி உள்வாய்', 'மேய்ச்சல்', 'புறம்போக்கு' என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? தரையில் அந்த ஓடை மண்மேடாகிப் போயிருக்கலாம். பதிவேட்டில் இருக்கும்வரை அது ஓடைதான். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2005-இல் எல்.கிருஷ்ணன் வழக்கில் கொடுத்த தீர்ப்பும், அதன் பின் வந்த 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் உங்கள் மனுவில் இடம்பெற வேண்டியவை. அதே சமயம் 2023-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களில் உள்ளடங்கிய அரசு நிலத்துக்கும் நீர்நிலைக்கும் அது தனி வழி வகுக்கிறது. திட்டம் அந்த அளவு பெரியது என்றால் வாதத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது நிலப் பயன்பாடு. 2008-இல் ஒப்புதல் பெற்ற இரண்டாவது முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வகைப்பாடு உண்டு: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், விவசாயம் என்று. சி.எம்.டி.ஏ. தளத்தில் ஊரையும் எண்ணையும் கொடுத்தால் தெரிந்துவிடும். அந்தத் திட்டத்தின் இலக்கு ஆண்டு 2026. மூன்றாவதைத் தயாரிக்கும் வேலை நடப்பதால், பார்க்கிற நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று கவனியுங்கள். கடையும் வீடும் கலந்த திட்டத்துக்குக் கலப்புக் குடியிருப்போ வணிகமோ இயல்பாகப் பொருந்தும். விவசாயம் என்று இருந்தால் முதலில் வகைப்பாட்டை மாற்றியாக வேண்டும்.

வெள்ளானூர் பக்கத்துக்கென்றே இன்னொரு கேள்வி இருக்கிறது. கிழக்கே புழல் ஏரி. 1876-இல் கட்டியது, முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் அந்த ஏரிக்கு நீர் வந்து சேர்கிற நிலப்பரப்பைச் செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று தனியே வகுத்து, அங்கே கட்டடம் கட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். உங்கள் சர்வே எண் அதற்குள் வருகிறதா வெளியேயா என்பதை வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரகர் சொல்வதை நம்பி மனை வாங்கியவர்கள் பின்னால் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உங்கள் பேச்சுக்கு மதிப்புள்ள நேரம்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். நிலப் பயன்பாட்டை மாற்றும்போதுதான் சி.எம்.டி.ஏ. பொதுமக்களைக் கூப்பிட்டுக் கேட்கிறது. சட்டத்தின் 32-ஆவது பிரிவின்கீழ் நடக்கும் அந்த மாற்றத்துக்குச் செய்தித்தாளில் அறிவிப்பு வரும். இன்ன கிராமம், இன்ன சர்வே எண்கள், விவசாயத்திலிருந்து கலப்புக் குடியிருப்புக்கு. ஆட்சேபம் இருந்தால் இத்தனை நாளுக்குள் எழுதுங்கள் என்று. உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே, பொடி எழுத்தில். ஊரில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரையோ நூலகருக்கு வேண்டிய பிள்ளையையோ இந்தப் பொறுப்புக்கு வைத்தால் போதும். சி.எம்.டி.ஏ. தளத்தையும் அவ்வப்போது திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நாள் தவறினால் உரிமை போய்விடாது. ஆனால் கெஞ்சுகிற நிலைக்கு வந்துவிடுவீர்கள். நாளுக்குள் எழுதினால் உங்கள் ஆட்சேபம் கோப்பில் பக்க எண்ணோடு சேரும். அதைப் பரிசீலித்ததாகவோ ஏன் ஏற்கவில்லை என்றோ அவர்கள் எழுதியாக வேண்டும். பின்னால் நீதிமன்றம் போனால் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்.

ஆட்சேபத்தில் 'ஊர் கெட்டுவிடும்', 'வெளியாட்கள் வந்துவிடுவார்கள்' என்று எழுதாதீர்கள். முதலாவது கணக்கில் வராது. இரண்டாவது நியாயமும் இல்லை. நாமும் ஒரு காலத்தில் வெளியாட்களாக வந்தவர்கள்தானே. எழுதும் விதத்துக்கு ஒரு மாதிரி:

'ஆவடி வட்டம், வெள்ளானூர் கிராமம், சர்வே எண் ___-இன் வகைப்பாட்டை மாற்றுவதற்கு ஆட்சேபம் தெரிவிக்கிறோம். புலப்படத்தின்படி இந்நிலத்தின் ஊடே சர்வே எண் ___ ஓடைப் புறம்போக்கு செல்கிறது. மழைக்காலத்தில் ___ தெருவின் நீர் இதன் வழியாகவே வடிகிறது. புகைப்படங்கள் தேதியுடன் இணைப்பு. அணுகுசாலையின் அகலம் ___ இடத்தில் ___ மீட்டர் மட்டுமே. நீர்வளத் துறையின் கருத்தைப் பெற்ற பின்னரே முடிவெடுக்கவும், எங்களை நேரில் கேட்கவும் வேண்டுகிறோம்.'

சாலை அகலத்தை நீங்களே டேப் பிடித்து அளந்து பாருங்கள். இது முக்கியம். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் உயரமும் பரப்பும் சாலை அகலத்தோடு கட்டுப்பட்டவை. 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைச் சொல்லும் தளப்பரப்புக் குறியீடு சாதாரணக் கட்டடத்துக்கு 2; 18 மீட்டர் அகலச் சாலையில் உயர்மாடிக்கு 3.25. ஒரு ஹெக்டேர் மனையில் 20,000 சதுர மீட்டர் கட்டுவதும் 32,500 கட்டுவதும் அந்த அகலத்தைப் பொறுத்தது. ஆவணத்தில் 18 மீட்டர் என்றும், தரையில் டீக்கடைக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவில் 11 மீட்டர் என்றும் இருந்தால் அதைவிட நல்ல ஆட்சேபம் கிடையாது.

அனுமதி இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் பயம் தீர்ந்துவிடாது என்பதற்கு நம் பக்கமே சாட்சி உண்டு. போரூருக்கு அருகே மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று சரிந்த 11 மாடிக் கட்டடம் அனுமதி பெற்றதுதான். 61 பேர் செத்தார்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மண் ஆய்வு அறிக்கை, கட்டமைப்புப் பொறியாளரின் சான்று ஆகியவற்றைக் கேட்பது நிபுணர்களின் வேலை என்று ஒதுங்காதீர்கள்.

கிராம சபையில் எழுத வைப்பது

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆண்டுக்கு ஆறு நாள். கிராம சபைத் தீர்மானத்தால் சி.எம்.டி.ஏ. அனுமதியை ரத்து செய்ய முடியாது. அப்படிச் சொல்லி ஆள் சேர்க்கிறவர்களை நம்பாதீர்கள். ஆனால் அது ஊரின் எழுத்துப்பூர்வமான சாட்சியம். தனிமனிதர் மனுவுக்கு இல்லாத கனம் அதற்கு உண்டு.

குறைவெண் வரம்பு மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் தீர்மானத்தைப் பின்னால் யாரும் தூக்கிப் போட்டுவிடலாம். வருகைப் பதிவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களா என்று பார்ப்பதற்கு ஒருவர் மேசைக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

'இது அஜெண்டாவுல இல்லையேம்மா.'

'இதர பொருள்ல எழுதலாமே சார். ஏற்கெனவே மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கோம்.'

'சரி, பேசினதா குறிச்சுக்கிறேன்.'

'குறிச்சா போதாது சார். தீர்மானமா எண் போட்டு எழுதுங்க. நாங்க இங்கயே படிச்சுக் காட்டுறோம்.'

குரலை உயர்த்தாமல் இதைச் சொல்லத் தெரிந்த ஒருவரை முன்னால் நிறுத்துங்கள். மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிற அக்காக்கள் இதில் கெட்டிக்காரர்கள். தீர்மான வாசகத்தை வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே யோசித்தால் அரசியல்வாதி பேச்சு மாதிரி நீண்டுவிடும். பதிவேட்டின் நகலை அடுத்த வாரமே வாங்கி, சி.எம்.டி.ஏ. உறுப்பினர் செயலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். ஊர் மாநகராட்சிக்குள் போய்விட்டால் கிராம சபை இருக்காது. வார்டுக்குள் நடக்கும் பகுதி சபையும் கவுன்சிலரும்தான் வழி. அப்போதும் எழுத வைக்கும் கலை இதேதான்.

தண்ணீர்க் கணக்கு

500 வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவு. பெருக்கினால் 2,70,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் தினமும் 22, 23 நடை. கடைகளையும் உணவகத்தையும் இன்னும் சேர்க்கவில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் செடிக்கும் விடுவோம் என்பார்கள். விடட்டும், மீதியை எங்கிருந்து எடுப்பார்கள்? ஆழ்துளைக் கிணறு என்றால் உங்கள் கிணறு என்ன ஆகும்? சுத்திகரித்த பிறகு மிஞ்சும் நீர் மழைக்காலத்தில் எந்தக் கால்வாயில் விழும்? திட்டத்தை எதிர்க்காதவர்களும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. நியாயமாகச் சொன்னால், ஊருக்கு மருந்துக்கடையும் வங்கியும் வேலையும் வருவதை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் குறைவு. தண்ணீரையும் சாலையையும் பற்றி ஒழுங்கான பதில் கொடுத்துவிட்டு வா என்பதுதான் பெரும்பாலோர் மனசில் இருப்பது.

இந்தக் கணக்கை வைக்க வேண்டிய இடம் சுற்றுச்சூழல் அனுமதி. 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிற திட்டங்கள் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டும். இதில் பலர் ஏமாறுவது அளவில். தளப்பரப்புக் குறியீட்டில் வருகிற பரப்பை மட்டும் காட்டி '20,000-க்குள்தான்' என்பார்கள். அறிவிக்கையோ அடித்தளம், சேவைப் பகுதிகள் உட்பட எல்லாத் தளங்களையும் கூட்டச் சொல்கிறது. கார் நிறுத்தும் இரண்டு அடித்தளங்களைச் சேர்த்தால் கணக்கு மாறிப்போகும்.

கட்டடத் திட்டங்களுக்குப் பொது விசாரணை கிடையாது. அந்த அறிவிக்கையே விலக்கு கொடுத்துவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டாயிரம் பேர் குடியேறும் இடத்தைவிட ஒரு சின்ன ஆலை ஊரை அதிகம் மாற்றிவிடுமா என்ன? விசாரணை இல்லாததால், சுற்றுச்சூழல் அனுமதிக்கான 'பரிவேஷ்' இணையதளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விண்ணப்பம், வரைபடம், நீர்த்தேவைக் கணக்கு, மதிப்பீட்டுக் குழுவின் கூட்டக்குறிப்பு எல்லாம் அதில் ஏறும். குழு கூடுவதற்கு முன் எழுதினால் பலன் அதிகம். அனுமதி கிடைத்துவிட்டால் அதன் நகலை உள்ளாட்சி அலுவலகத்தில் 30 நாள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது விதி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யவும் காலம் 30 நாள். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை பொறுப்பார்கள். தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. பஞ்சாயத்து ஆபீசுக்கு உண்மையிலேயே ஓட வேண்டிய நேரம் இதுதான். பலகையில் காகிதம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். ஒட்டவில்லை என்றால் வெறும் பலகையையும் எடுங்கள்.

ஆர்.டி.ஐ. கேட்கும் விதம்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குப் பத்து ரூபாய், பதிலுக்கு முப்பது நாள். 'ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?' என்று கேட்டால் 'கருத்துக் கேட்பது தகவல் ஆகாது' என்று ஒரு வரியில் பதில் வரும். காகிதத்தைக் கேளுங்கள்: தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல், நீர்வளத் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்று நகல்கள்; தள ஆய்வு அறிக்கை; கோப்பின் குறிப்புப் பக்கங்கள். ஆவடியைச் சுற்றிப் பாதுகாப்புத் துறை நிலங்கள் நிறைய என்பதால், பக்கத்தில் அப்படி இருந்தால் அவர்களின் சான்றையும் சேர்த்துக் கேளுங்கள். அனுமதித்த வரைபடங்களை சி.எம்.டி.ஏ. தானே தளத்தில் ஏற்றுவதால் 'மூன்றாம் நபர் தகவல்' என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. முதல் மேல்முறையீட்டில் இதைச் சொல்லுங்கள்.

வீடு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். மனை 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ எட்டு வீட்டுக்கு மேல் இருந்தாலோ ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். பதிவு எண் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 'சீக்கிரம் வந்துடும் சார்' என்பது எண் அல்ல.

கட்டி முடித்த பின்னும்

அனுமதி வரைபடத்தில் பச்சையாக ஒரு மூலை இருக்கும். ஓ.எஸ்.ஆர். எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீடு அது. மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்தில் ஒரு பங்கை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலமாகவோ, அதற்கான வழிகாட்டி மதிப்பைப் பணமாகவோ கொடுக்கலாம். இந்த விதியை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நடைமுறையில் அந்த இடத்தைச் சுவருக்குள் இழுத்துக்கொண்டு, வாசலில் செக்யூரிட்டியை நிறுத்தி, 'ரெசிடெண்ட்ஸ் ஒன்லி' பலகை மாட்டிவிடுவது உண்டு. தானப் பத்திரத்தின் நகலை ஆவடி சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுக்க முடியும். அந்த இடம் ஊர்ச் சொத்து. உங்கள் பிள்ளைகள் அங்கே பந்து விளையாடலாம்.

வரைபடத்துக்கு மாறாகக் கட்டினால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின் கீழ் நோட்டீசும் சீல் வைப்பும் உண்டு. அரசு விலக்கு கொடுத்துக் காப்பாற்றிவிடும் என்று கட்டுகிறவர்கள் நம்புவது பழைய வழக்கம். 113-ஆவது பிரிவின் கீழ் அப்படிக் கொடுத்த விலக்கு ஆணைகளைச் சென்னையைச் சேர்ந்த நுகர்வோர் அமைப்பு ஒன்று எதிர்த்துப் போய், 2000-இல் உச்ச நீதிமன்றத்தில் ரத்து செய்ய வைத்தது. பிரிவு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் காரணம் சொல்லாமல் அதைப் பயன்படுத்திவிட முடியாது.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினார்கள் என்று அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையில் 'கழிவுநீர் முழுதும் சுத்திகரிக்கப்படுகிறது' என்று இருந்து, பின்பக்கக் கால்வாயில் நுரை போனால், அறிக்கையையும் நுரையின் போட்டோவையும் சேர்த்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அனுமதி கொடுத்த ஆணையத்துக்கு ஒரு நகல். அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.